மனைவிக்கு ஒரு தும்மல்

பூனை வீட்டுக்குள் வந்து முக்கால் மணி நேரம் ஆகியும் மனைவி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

குஷன்காரர் கதவோரமாக நின்று மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பூனை அவள் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துவிட்டது. அவள் அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டாள், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினாள். போதாக்குறைக்கு அதன் வால் அவள் மூக்கில் இரண்டு தரம் உரசியது. மூக்கு அசையவே இல்லை.

"உனக்கு எதுவும் பண்ணலையா?"

"என்ன பண்ணணும்?"

"மூக்கு அரிக்கறது, கண்ணு எரியறது, அந்த மாதிரி."

"சமத்துப் பூனைங்க. யார் வீட்டுது?"

"சோபா ரிப்பேருக்குக் கொடுத்திருக்காங்களே, அந்த டீச்சரம்மாவோடது. பத்து நாள் வெளியூர் போறாங்களாம், பார்த்துக்க ஆள் இல்லன்னாங்க. நான்தான் கொண்டாங்கன்னேன்."

"நீங்களா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கத்தான் செய்வாள். சுவரில் பல்லி தெரிந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் ஆள் அவர். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவர் வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் உயிர்ப்பிராணி இதுதான்.

இத்தனைக்கும் காரணம் டீச்சரம்மா சோபாவின் இடது சீட்டு.

பழைய சோபாவைப் பிரித்தால் ஸ்பிரிங்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு நியூஸ்பேப்பர் விரித்திருக்கும். தூசி கீழே கொட்டாமலிருக்க முன்னால் தைத்தவர் போட்டது. அடுத்துப் பிரிக்கிறவர் அதை ஒரு பார்வை படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவார். குஷன்காரர் இரண்டு பார்வை படிப்பார். அவருடைய உலக ஞானம் முழுக்க இப்படிச் சீட்டுக்கு அடியில் கிடைத்ததுதான். செய்தி கொஞ்சம் பழசாக இருக்கும், பலகையின் அளவுக்கு ஓரம் வெட்டியிருக்கும். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இடது சீட்டில் கிடைத்த தாளில் தலைப்பு இப்படி இருந்தது: 'அலர்ஜி பெருகினால் மூட்டு நோய் என்ன ஆகும்?'

குஷன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்குள் ஒரு பாதுகாப்புப் படை இருக்கிறது, அது சில சமயம் எதிரியே இல்லாத இடத்தில் எதிரியைத் தேடும் என்று ஆரம்பித்தது கட்டுரை. தூசியையும் பூனை முடியையும் எதிரி என்று நினைத்தால் அலர்ஜி. சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்தால் முடக்குவாதம். உலகத்தில் அலர்ஜி நாளுக்கு நாள் கூடுகிறது. அதனால் முடக்குவாதம் கூடுமா, குறையுமா? 'படை ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் தளரும், ஆகவே அலர்ஜி உள்ளவர்களுக்கு மூட்டு நோய் குறைவாகவே வரும் என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஆனால்'

'ஆனால்' என்ற சொல்லோடு தாள் வெட்டுப்பட்டிருந்தது. வேறு யாராவது என்றால் அந்த 'ஆனால்' முன்னால் கொஞ்சம் நின்றிருப்பார்கள். குஷன்காரர் நிற்கவில்லை.

நிற்கும் நிலையில் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மனைவி ஒரு பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். கூம்பு மாதிரி சுருட்டிய தாளுக்குள் க்ரீமை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். அச்சடித்தாற்போல இருக்கும். ஆறு மாதமாக அந்த விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. வெந்நீரில் அரை மணி ஊறினால்தான் பல் துலக்கவே முடிகிறது. டாக்டர் முடக்குவாதம் என்றார், மாத்திரை கொடுத்தார். பூனை வருவதற்கு முந்தின நாள் ஒரு கல்யாண கேக்கில் மாப்பிள்ளை பெயர் படியிறங்கிப் போய்த் தட்டில் முடிந்தது. பேக்கரி முதலாளி கத்தவில்லை. "டாக்டர்கிட்ட அடுத்து எப்ப போறே? பத்து நாளா? அதுக்குள்ள கை தேறலைன்னா கவுன்ட்டர்ல நின்னுடும்மா" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாள்.

அதனால்தான் பூனை.

மறுநாள் பட்டறையில் அவர் விஷயத்தை மச்சானிடம் சொன்னார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பட்டறையில் சரிபாதிக் கூட்டாளி. துணி வெட்டுவதும் தைப்பதும் அவர் பொறுப்பு.

"எனக்கு ஒண்ணும் விளங்கல மாப்ள. ஏற்கெனவே ஒரு வியாதி இருக்கு. இன்னொண்ணு எதுக்கு?"

"இப்ப படை எங்க நிக்குது? மூட்டுல நிக்குது. நாம மூக்குல ஒரு கலவரத்தைக் கிளப்பிட்டா என்ன ஆகும்? படை அங்க ஓடும்."

"அப்ப மூட்டு?"

"தப்பிச்சுடும்."

"மூக்கு?"

"மூக்கு போனாப் போகுது மச்சான். மூக்காலயா கேக்குல பேர் எழுதப் போறா?"

மச்சான் ஊசியில் நூலைக் கோத்தபடி யோசித்தார். "அவ கேக்குக்கு மேல குனிஞ்சு எழுதறவ. அங்க தும்மல் வந்தா?"

இதைக் குஷன்காரர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் தும்மினாப் போதும்" என்றார் கடைசியில்.

"இதை அவகிட்டயே சொல்லிட்டா என்ன?"

"சொல்லிட்டுத் தும்ம வெச்சா அது நடிப்பாயிடும். தானா வரணும்."

மச்சானுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் தங்கை விஷயம். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

பூனையால் ஆகவில்லை என்று மூன்றாம் நாள் குஷன்காரர் நர்சரிக்குப் போனார். எந்தப் பூவில் மகரந்தம் அதிகம் கொட்டும் என்று விசாரித்தார். தோட்டக்காரருக்கு அந்தக் கேள்வி புதுசு. மகரந்தம் கொட்டாத பூவைத்தான் எல்லாரும் கேட்பார்களாம். மஞ்சளாக உதிர்கிற ஒரு ரகத்தை இரண்டு கை கொள்ளாமல் வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜை, ஜன்னல், மனைவி துணி மடிக்கும் இடம் என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

மனைவி வேலை முடிந்து வந்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒரு தப்பும் பண்ணல."

"யார்கிட்டயாவது ஏமாந்துட்டீங்களா?"

"பூ வாங்கினது தப்பா? மோந்து பாரு. நல்லா, ஆழமா மோந்து பாரு."

அவள் மோந்தாள். மூக்கின் நுனி மஞ்சளானது. "வாசனையே இல்லையே" என்றாள். குஷன்காரர் ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். தும்மல் வந்தது. ஆனால் அவருக்கு வந்தது. வரிசையாக ஏழு.

ஐந்தாம் நாள் தலையணை. எவரோ எறிந்துவிட்டுப் போன பழங்காலத் தலையணை ஒன்று பட்டறைப் பரணில் கிடந்தது. உள்ளே முழுக்கப் பறவை இறகு. மனைவியின் தலையணையைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, இறகை அடைத்து, வெளியே தெரியாதபடி தைத்து வைத்தார். தொழில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். காலையில் எழுந்ததும், "ராத்திரி என்னமோ நல்லாத் தூங்கினேங்க" என்றாள் மனைவி. பக்கத்தில் படுத்திருந்த குஷன்காரருக்கு இடது கண் திறக்கவில்லை, கழுத்தெல்லாம் தடித்திருந்தது.

அவள் பயந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, இவருக்கு ஏதோ ஆயிடுச்சு. பூனைங்கறாரு, பூவுங்கறாரு. நான் தூங்கறப்போ பக்கத்துல உக்காந்து என் மூக்கையே பார்த்துட்டிருக்காரு."

மச்சான் ஓடிவந்தார். உண்மையைச் சொல்ல முடியாது, சத்தியம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நெளிந்துகொண்டே போய் உட்கார்ந்தது பூனை தூங்கும் நாற்காலியில். அரை மணியில் அவருக்கு இரண்டு கண்ணும் வீங்கிவிட்டன. அன்று மதியம் அந்தக் கண்ணோடுதான் டீச்சரம்மா சோபாவின் இடது சீட்டுக்கு உறை தைத்தார். துணியில் பூங்கொத்துகள் தலைகீழாகத் தொங்கின. அதைப் பிரித்து மறுபடி வெட்டியதில் வலது சீட்டுக்குத் துணி போதவில்லை. புதுத் துணி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். வலது சீட்டு பிரிக்காமலே கிடந்தது.

ஆக, பூனையால் மச்சானுக்குக் கண் வீங்கியது. பூவாலும் இறகாலும் குஷன்காரர் தும்மினார். யார் தும்ம வேண்டுமோ அவள் கல்லுக்குண்டாக இருந்தாள்.

ஏழாம் நாள் காலை. மனைவி வழக்கம்போல வெந்நீரில் கை விரல்களை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். குஷன்காரர் ஜன்னலோரம் பூவை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க" என்றாள். "டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டு ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

"எனக்குப் பூனை பிடிக்குமான்னு ஒருநாள்கூட நீங்க கேட்டதில்ல. இப்ப பூனை வருது. பூ வருது. தலையணையை மெத்து மெத்துன்னு மாத்தி வெச்சிருக்கீங்க. தையலைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? நான் தூங்கறப்போ உக்காந்து பாக்கறீங்க. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு, அழறீங்க." அவள் வெந்நீரிலிருந்து கையை எடுத்தாள். "நான் போயிடப் போறேனா?"

"அய்யய்யோ! யார் சொன்னா?"

"அண்ணன் நேத்து வந்து என் முகத்தைப் பார்க்க முடியாம அழுதுட்டுப் போறாரு. கண்ணு ரெண்டும் வீங்கிப் போச்சு. அவருக்கும் தெரியும், இல்ல?"

குஷன்காரர் பூவிலிருந்து கையை எடுத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தும்மல் நடிப்பாகிவிடும், பத்து நாளில் இன்னும் மூன்றுதான் பாக்கி. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ நல்லா இருப்பே" என்று அவள் தோளைத் தொட்டார். இதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம். அவர் அப்படி ஆறுதல் சொல்லி அவள் கேட்டதே இல்லை என்பதால், அவளுக்குச் சந்தேகம் தீர்ந்து முடிவே தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, பூனையை ஒருமுறை தூக்கி அணைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் போன பிறகு குஷன்காரர் பூவைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். தான் நல்லது செய்கிறோமா கெட்டது செய்கிறோமா என்று முதல்முறையாக அவருக்கே தெரியவில்லை.

எட்டாம் நாள் துணி வந்தது. வலது சீட்டைப் பிரித்தார். ஸ்பிரிங்கை எடுத்தார். கீழே நியூஸ்பேப்பர். அதே தாளின் மறுபாதி.

'வேறு சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் தடுமாறிய படை இன்னோரிடத்திலும் தடுமாறும். அலர்ஜி உள்ளவர்களுக்கு மூட்டு நோயும் சேர்ந்து வருகிற வாய்ப்பு அதிகம் என்பது இவர்கள் கட்சி.'

"மச்சான்!"

மச்சான் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தார். வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். வலதை இடதுபக்கம் வைத்தும் படித்துப் பார்த்தார்.

"அப்ப தும்மினா நல்லதா, தும்மாட்டி நல்லதா மாப்ள?"

"இடது சீட்டுப்படி தும்மணும். வலது சீட்டுப்படி தும்மவே கூடாது."

"ரெண்டு சீட்டுலயும் உக்கார முடியாதே."

குஷன்காரர் பதில் சொல்ல அங்கே இல்லை. பட்டறைக் கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு ஓடினார். பூக்களை அள்ளிக் குப்பையில் போட்டார். தலையணையைக் கிழித்தார், அது தப்பு. இறகு வீடு முழுக்கப் பறந்தது. பிடித்துப் பிடித்துக் கோணியில் அடைத்தார். பூனையைக் குளியலறையில் வைத்துத் தாழ்ப்போட்டார், அது கதவைப் பிறாண்டியது. சுவரை ஈரத்துணியால் துடைத்தார், திரைச்சீலையைக் கழற்றி நனைத்தார். நடுநடுவே தும்மினார். தும்மிய வேகத்தில் மீதி இறகு எழும்பியது.

மனைவி வந்தபோது, வீட்டுக்காரர் தலை முழுக்க இறகோடு ஏணி மேல் நின்று மின்விசிறியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க" என்றாள்.

இறங்கினார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு பாதித் தாளையும் எடுத்துக் கொடுத்தார். படை, கலவரம், பூனை, இறகு எல்லாவற்றையும் கொட்டினார். "உன் விரலுக்காகத்தான். நீ எழுதாம கவுன்ட்டர்ல நிக்கறதை என்னால நினைச்சே பாக்க முடியல. இப்ப நானே உன் மூட்டைக் கெடுத்துட்டேனோ என்னவோ, அதுவும் தெரியல. எனக்கு எதுவுமே புரியல" என்றார். கடைசியில் கண்ணில் வந்தது அலர்ஜி இல்லை.

மனைவி தாளைப் படித்தாள். பெரிதாகச் சிரிக்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"நான் தும்மணும்னா இத்தனையும் பண்ணீங்க?"

"ஒரே ஒரு தும்மல். அது கூட வரல உனக்கு."

அவள் முகம் ஒரு மாதிரியாக ஆனது. சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். ரொம்ப நேரம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அவர் தலையிலிருந்து இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பத்தாம் நாள் டாக்டர். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்வதற்குள், குஷன்காரர் மேஜையில் இரண்டு பாதித் தாளையும் பொருத்தி வைத்தார்.

"இதுல எது உண்மை டாக்டர்?"

டாக்டர் படித்தார். வெட்டுப்பட்ட கோட்டை விரலால் தடவினார். "ரெண்டு பக்கமும் இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. ஒருத்தர் கூடும்பார், ஒருத்தர் குறையும்பார். ரெண்டு வியாதியும் ஒரே ஆளுக்கு இருக்கறதும் உண்டு. ஆனா பூனையை வெச்சு மூட்டைச் சரிபண்ற வைத்தியம் எதுவும் கிடையாது."

"ரெண்டும் ஒரே ஆளுக்கா?" என்று குஷன்காரர் ஆரம்பித்தார்.

மனைவி இருமினாள். "என் ரிப்போர்ட் என்ன சொல்லுது டாக்டர்?"

"அதைச் சொல்லத்தானே விடமாட்டேங்கறார். வீக்கம் பாதிக்கு மேல இறங்கியிருக்கு. மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்ச மாத்திரை இப்பதான் வேலை காட்டுது. இது மெதுவாத்தான் பிடிக்கும். நீங்க தாராளமா கேக்ல எழுதலாம், நடுவுல நடுவுல கைக்கு ஓய்வு கொடுங்க."

குஷன்காரருக்கு அந்த நிமிடம் டாக்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கைகூப்பப் போய்த் தும்மினார். மனைவி வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்று விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். சிரித்தாள். ஆறு மாதத்தில் அவர் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"நான் நேரா பேக்கரிக்குப் போறேன், முதலாளிகிட்ட ரிப்போர்ட்டைக் காட்டணும். மாத்திரைதான் வாங்கணும், சாயங்காலம் நானே வாங்கிக்கறேன்."

"நான் எதுக்கு இருக்கேன்? கொடு இங்க."

மாத்திரை வாங்குவது எப்போதும் அவள் வேலை. இன்று அவர் மருந்துச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"சீட்டுல இருக்கறதை மட்டும் வாங்குங்க" என்றாள் பஸ் ஏறும்போது. "வேற எதுவும் பேசிட்டு நிக்காதீங்க."

மருந்துக்கடை கவுன்ட்டரில் ஒரு பெண் இருந்தாள். சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கேக் அக்காவோடதா? நீங்க அவங்க அண்ணனா?"

குஷன்காரர் 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தார். தும்மல் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் தலை மேலும் கீழும் ஆடியதில் அவள் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள். மாத்திரைகளை எடுத்து வைத்தாள். கடைசியாக, சீட்டைப் பார்க்காமலே, கைக்குப் பழகிய இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அதோடு சேர்த்தாள்.

"இது என்னம்மா? சீட்டுல இல்லையே."

"இது அக்கா எப்பவும் வாங்கற தும்மல் மாத்திரை. அலர்ஜிக்கு."

குஷன்காரர் சிரித்துவிட்டார். பத்து நாள் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. "வேற யாருதையோ வெச்சுட்டே. அவளுக்கு அலர்ஜியே கிடையாதும்மா. பூனை, பூ, இறகு எல்லாம் வெச்சுப் பார்த்தாச்சு. ஒரு தும்மல் வரல."

"தினம் இதைப் போட்டுக்கிட்டா எப்படி வரும்?" என்றவள், கவுன்ட்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அவங்க வீட்டுக்காரர் சோபா தைக்கிறவராமே, அவர் மேல வர்ற தூசி ஒத்துக்காம, கல்யாணம் ஆன மாசத்துலருந்து போட்டுக்கறாங்க. தெரிஞ்சா அந்த மனுசன் தொழிலையே விட்டுட்டு நிப்பாராம், நீங்களும் சொல்லிடாதீங்க அண்ணே."